ஆயுள் முழுக்க மாதப் பணம்: ஆன்யுட்டி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா கோவையில் ஒரு பஞ்சாலையில் 34 வருடம் வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரே மாதத்தில் பெரிய தொகை கணக்கில் வந்து விழுந்தது. அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் கிடையாது. பி.எஃப்.போடு சேர்ந்த தொழிலாளர் பென்ஷன் திட்டமான இ.பி.எஸ்.ஸில் மாதம் வந்தது 2,400 ரூபாய். இந்த மொத்தப் பணத்தை மாதப் பணமாக மாற்றுவது எப்படி என்று அப்போது மண்டையை உடைத்துக்கொண்டு படித்தேன். அதற்குப் பிறகு அப்பாவின் மில் நண்பர்கள், அவர்களின் மச்சான், சம்பந்தி, எங்கள் தெருக்காரர்கள் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒருவர் காகிதத்தோடு வந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை, எதையும் விற்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்திருக்கும் ஆன்யுட்டி விகிதங்கள் (கட்டிய தொகையில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் கைக்கு வரும் என்பது) உதாரணத்துக்கு மட்டும். உங்கள் வயதுக்கு இன்றைக்கு என்ன விகிதம் என்பதை வாங்கும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்யுட்டி, ஆன்யுட்டின்னு சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க?

ஒரு தொகையை ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரே தடவையாகக் கொடுத்துவிடுகிறீர்கள். பதிலுக்கு, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதமோ வருடத்துக்கு ஒரு முறையோ இவ்வளவு தருகிறேன் என்று அவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். 70 வயது வரை இருந்தாலும் சரி, 99 வரை இருந்தாலும் சரி. தொகை முதல் நாள் சொன்னதுதான். வெளியே வட்டி ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது.

வழக்கமான ஆயுள் காப்பீட்டைத் திருப்பிப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது, நாம் சீக்கிரம் போய்விட்டால் குடும்பத்துக்குக் கை கொடுப்பது. இது, நாம் நெடுநாள் இருந்துவிட்டால் நமக்கே கை கொடுப்பது.

பேங்க்ல போட்டாலும் வட்டி வருதே. இதுல புதுசா என்ன இருக்கு?

இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, டெபாசிட் ஒரு நாள் முதிர்ந்துவிடும். திரும்பப் போடும்போது அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையே பாருங்கள். 2020 மார்ச் வரை சேர்ந்தவர்களுக்கு 8.6%. ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு 7.4%. 15 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 32,250 ரூபாய் வந்திருக்க வேண்டியது, ஒரு நாள் தள்ளிப் போனதால் 27,750 ஆனது. மாதம் 1,500 ரூபாய் குறைவு. இரண்டு பேருக்கு மாத மருந்து வாங்கும் பணம் அது.

இரண்டாவதுதான் முக்கியம். டெபாசிட்டில் வட்டி போதவில்லை என்றால் அசலில் கை வைக்க வேண்டும். எவ்வளவு எடுக்கலாம்? அதற்கு நாம் எத்தனை வயது வரை இருப்போம் என்று தெரிய வேண்டும். அது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரே வயதுள்ள பத்தாயிரம் பேரை எடுத்தால், அவர்களில் ஏறக்குறைய எத்தனை பேர் எந்த வயது வரை இருப்பார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்தால் கணக்குப் போட முடியும். சீக்கிரம் போனவர்களின் பணத்திலிருந்து நெடுநாள் இருப்பவர்களுக்குப் போகிறது. தனி மனிதரால் செய்ய முடியாத இந்த ஒரு வேலைக்காகத்தான் ஆன்யுட்டி. இது மனதில் நின்றால், பின்னால் வரும் பாதிக் கேள்விக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

இதுல எத்தனை வகை? ஏஜென்ட் சொல்ற பேரெல்லாம் ஒரே குழப்பமா இருக்கு.

பெரிய பிரிவு இரண்டுதான். பணம் கட்டியதுமே அடுத்த மாதத்திலிருந்தோ அடுத்த வருடத்திலிருந்தோ தரத் தொடங்குவது உடனடி ஆன்யுட்டி. இன்றைக்குக் கட்டிவிட்டுச் சில வருடம் கழித்து வாங்கத் தொடங்குவது ஒத்திவைத்த ஆன்யுட்டி. எல்.ஐ.சி.யில் ஜீவன் அக்ஷய்-7 முதல் வகை, நியூ ஜீவன் சாந்தி இரண்டாம் வகை. தனியார் நிறுவனங்களும் இரண்டையும் விற்கின்றன.

சரள் பென்ஷன் என்று ஒன்று 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் விதிகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஆணையம் கொண்டுவந்தது. இரண்டே தெரிவுகள்: ஒருவருக்கு மட்டும், அல்லது கணவன் மனைவி இருவருக்கும். இரண்டிலும் கட்டிய பணம் கடைசியில் வாரிசுக்குத் திரும்பும். விதிகள் ஒன்றே என்பதால் எந்த நிறுவனம் எவ்வளவு தருகிறது என்று ஒப்பிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஜீவன் அக்ஷயில் ஏ முதல் ஜே வரை பத்துத் தெரிவுகள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதை அடுத்த இரண்டு பதிலில் பார்ப்போம்.

கட்டின பணம் திரும்ப வர்ற மாதிரி எடுக்கணுமா, வராத மாதிரி எடுக்கணுமா?

என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 60 வயதுக்காரர் ஒருவர் 10 லட்சம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அசல் திரும்பி வரும் தெரிவில் வருடத்துக்கு 67,000 என்றால், திரும்பாத தெரிவில் 87,000 போல வரும். 20,000 ரூபாய் வித்தியாசம். இந்த 20,000தான் 10 லட்சத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக நீங்கள் வருடா வருடம் கொடுக்கும் விலை. அந்த 20,000ஐ நீங்களே வருடந்தோறும் 6.5% வட்டியில் போட்டு வந்தால் 10 லட்சம் ஆக 23 வருடம் பிடிக்கும். அதாவது 83 வயதுக்கு முன்னால் போய்விட்டால் அசல் திரும்பும் தெரிவு குடும்பத்துக்கு லாபம். அதைத் தாண்டி இருந்தால் திரும்பாத தெரிவு லாபம். இன்னொன்றும் யோசியுங்கள். விலைவாசி வருடம் 5% ஏறினால், 23 வருடம் கழித்து பிள்ளை கையில் வரும் 10 லட்சத்துக்கு இன்றைய மதிப்பு சுமார் 3.25 லட்சம்தான்.

அசல் திரும்பும் தெரிவை உற்றுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு நீண்டகால டெபாசிட். உங்கள் பணம் அப்படியே இருக்கிறது, அதன் வட்டியில் ஒரு பகுதி வருகிறது. மேலே சொன்ன “நெடுநாள் இருப்பவருக்கு மற்றவர் பணம் வந்து சேரும்” வேலை அதில் நடப்பதே இல்லை. வட்டி ஆயுள் முழுக்க மாறாது என்ற ஒரு நன்மை மட்டும் இருக்கிறது. அதற்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் பத்தில் ஒன்பது பேர் “அசல் போயிருமே” என்ற ஒரே பயத்தில் இதை எடுக்கிறார்கள். மகன் நன்றாகச் சம்பாதிக்கிறான், வீடு சொந்த வீடு, அதுவே பிள்ளைகளுக்குப் போகப் போகிறது என்கிறவர்கள் கூடப் பிள்ளைக்காக மாதம் ஆயிரம், ஆயிரத்தைநூறு குறைத்து வாங்கிக்கொண்டு மருந்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. 10 வருடம் அல்லது 15 வருடம் கட்டாயம் தரப்படும், அதன் பிறகும் உயிரோடு இருக்கும்வரை தொடரும் என்ற தெரிவுகள். சீக்கிரம் போய்விட்டால் மீதி வருடங்களுக்கான பணம் குடும்பத்துக்கு வரும். அசல் திரும்பும் தெரிவைவிட மாதத் தொகையும் நன்றாகவே அதிகம்.

அப்ப, எது அதிகமா வருதோ அதையே எடுத்துடலாமே?

கூடாது. கல்யாணமானவர்கள் கண்டிப்பாகக் கூடாது. ஏன் என்று ஒரு சம்பவத்தோடு சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தனியார் போக்குவரத்து நிறுவனத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் இருந்தார். 12 லட்சத்தை ஆன்யுட்டியில் போட்டார். விற்றவர் மாதத் தொகை எதில் அதிகமோ அந்தத் தெரிவில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். அவர் பெயரில் மட்டும், அசல் திரும்பாத தெரிவு. பதினான்காவது மாதம் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்து ஒரு ஞாயிறு காலை அந்த அம்மா மஞ்சப்பையில் பாலிசிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, இந்த மாசம் பணம் வரல, எங்க போய்க் கேக்கணும்?” பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். இறப்புப் பயன் என்ற இடத்தில், ஆன்யுட்டி உடனே நின்றுவிடும், வேறு எதுவும் வழங்கப்படாது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதைத் தமிழில் அவருக்குச் சொல்ல எனக்கு அன்றைக்கு நா எழவில்லை. சட்டப்படி தவறு எதுவும் நடக்கவில்லை. இந்தத் திட்டம் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தது, அவர் பணம் நெடுநாள் இருக்கும் வேறு யாருக்கோ போயிற்று. ஆனால் அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், பத்திரத்தில் ஒருவர்தான் இருந்தார்.

அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நீங்கள் போன மறுமாதம் வீட்டில் அம்மாவுக்கு எவ்வளவு வரும்? இ.பி.எஸ். பென்ஷன் இருந்தால் அதில் பாதிதான் மனைவிக்கு. சொந்தச் சம்பளமோ பென்ஷனோ இல்லாத மனைவி என்றால் இருவர் ஆயுளுக்கும் 100% தொடரும் தெரிவை எடுங்கள். ஜீவன் அக்ஷயில் அது ஐ, ஜே என்ற இரண்டு. ஐ தெரிவில் இருவருக்கும் பிறகு எதுவும் திரும்பாது. ஜே தெரிவில் இருவருக்கும் பிறகு அசல் வாரிசுக்குத் திரும்பும். மனைவிக்குப் பாதி மட்டும் தரும் ஹெச் தெரிவும் இருக்கிறது. மனைவிக்கே நல்ல பென்ஷன் இருந்தால் மட்டும் அது சரி. ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகிவிடுவதில்லை. வீட்டு வரி, கரண்ட் பில், காஸ் எல்லாம் அதேதான்.

மனைவியைச் சேர்த்தா மாசத் தொகை ரொம்பக் குறைஞ்சிடுமா?

எந்தத் தெரிவு என்பதைப் பொறுத்தது. அசல் திரும்பும் வகையில் குறைவு மிகச் சிறியது, 6.7% இருந்த இடத்தில் 6.6% போல. எப்படியும் அசல் நிறுவனத்திடமே இருக்கிறதே. அசல் திரும்பாத வகையில் நன்றாகவே தெரியும், 8.7% இருந்தது 7.8% போல இறங்கலாம். மனைவி எவ்வளவு இளையவரோ அவ்வளவு இறங்கும். அந்த இறக்கத்தை ஒரு பிரீமியம் என்று நினைத்துக் கட்டிவிடுங்கள். மேலே சொன்ன அம்மாவுக்கு அது கிடைத்திருந்தால் மாதப் பணம் இன்னும் வந்துகொண்டிருக்கும்.

மொத்தப் பணத்தையும் இதுலயே போட்டுடலாமா?

வேண்டாம். அப்பாவுக்கு நான் செய்தது இது. அம்மாவை உட்கார வைத்து, ஒரு மாதத்துக்கு எதை எல்லாம் நிறுத்தவே முடியாது என்று எழுதச் சொன்னேன். அரிசி, பருப்பு, பால், காஸ், கரண்ட், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தண்ணீர் வரி, கேபிள். கேபிளை அடித்துவிட்டுப் பிறகு திரும்ப எழுதினார். மொத்தம் 16,500 வந்தது. கோயில், கல்யாணம், பேரன் பிறந்தநாள் எல்லாம் அதில் சேராது. இந்த 16,500 மட்டும் என்ன ஆனாலும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதிலிருந்து இ.பி.எஸ்.ஸைக் கழித்தால் 14,100. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மூத்த குடிமக்கள் திட்டமும் ஆன்யுட்டியும்.

பொதுவாகக் கையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆன்யுட்டியில் போடச் சொல்வதில்லை. மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, ஆஸ்பத்திரிக்கென்று உடனே எடுக்கக்கூடிய டெபாசிட் இருக்கிறதா, இந்த இரண்டும் முதலில். கடன் இருந்தால் அதை அடைப்பது அதற்கும் முதலில். 10% வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு 6.7% ஆன்யுட்டி வாங்குவது கணக்கே இல்லை.

சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 8.2% தர்றாங்க. அப்புறம் எதுக்கு இது?

முதலில் அதைத்தான் நிரப்ப வேண்டும், சந்தேகமே இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து 8.2%, ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம், தபால் நிலையத்திலும் வங்கியிலும் கிடைக்கிறது, அரசாங்கத் திட்டம். பணமும் தேவைப்பட்டால், சிறு பிடித்தத்தோடு, எடுத்துவிடலாம். தபால் துறையின் மாத வருமானத் திட்டமும் உண்டு. தனிக் கணக்கில் 9 லட்சம், கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை.

ஆனால் இரண்டும் 5 வருடத் திட்டங்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தை 3 வருடம் 3 வருடமாக நீட்டிக்கலாம், அன்றைய வட்டியில். பிரதான் மந்திரி வய வந்தனா என்று எல்.ஐ.சி. மூலம் ஒரு திட்டம் இருந்தது, 10 வருடத்துக்கு உறுதியான பென்ஷன். 2023 மார்ச் 31ஓடு புதிதாகச் சேர்வதை நிறுத்திவிட்டார்கள். நமக்கு 60 வயதில் இருக்கும் திட்டம் 75 வயதிலும் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுப்பது ஆன்யுட்டி ஒன்றுதான். அதனால் முதல் சில வருடங்களுக்கு அரசுத் திட்டம், பின்னாளுக்கு ஆன்யுட்டி என்று வைத்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

எந்த வயசுல வாங்கறது நல்லது?

அசல் திரும்பும் தெரிவு என்றால் வயதால் பெரிய வித்தியாசம் இல்லை. 60இலும் 70இலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம்தான். அன்றைய வட்டி நிலவரம்தான் அங்கே முக்கியம். அசல் திரும்பாத தெரிவு என்றால் வயது ஏற ஏறத் தொகை ஏறும். 60இல் 8.7% என்றால் 70இல் 11% பக்கம் வரலாம். அதனால் 60இலேயே ஓடிப்போய் வாங்க வேண்டியதில்லை. 65க்கு மேல் வாங்குவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்.

ஒரே நாளில் மொத்தமாக வாங்கவும் தேவையில்லை. அப்பாவுக்கு 2021இல் மூத்த குடிமக்கள் திட்டத்தில் 15 லட்சம் போட்டோம், அன்றைக்கு உச்சவரம்பே அவ்வளவுதான். 5 லட்சத்துக்கு மட்டும் இருவர் பெயரிலும் ஓர் ஆன்யுட்டி. அடுத்த பகுதியை அவருக்கு 65 ஆகும்போது வாங்கலாம் என்று வைத்திருக்கிறோம். வட்டி தாழ்ந்திருக்கும் ஒரு வருடத்தில் மொத்தப் பணமும் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இது உதவும். உடம்பு சரியில்லாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே ஆன்யுட்டிக்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது, நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் ஒரே விகிதம். பெரிய நோய் இருப்பவர் ஒற்றை ஆயுளுக்கு, அசல் திரும்பாத தெரிவை எடுப்பது பெரும் நஷ்டத்தில் முடியலாம்.

விலைவாசி ஏறிட்டே போகுதே, இந்தத் தொகை ஏறாதா?

பெரும்பாலான தெரிவுகளில் ஏறாது. ஆன்யுட்டியின் பெரிய குறையே இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. விலைவாசி 6% ஏறினால் 12 வருடத்தில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். இன்றைய 10,000க்கு அன்றைக்கு 5,000 ரூபாய்ச் சாமான்தான் வரும்.

வருடம் 3% கூடும் தெரிவு (ஜீவன் அக்ஷயில் ஜி) இருக்கிறது. ஆனால் அது கூட்டு வட்டி போல ஏறாது, தனி வட்டி போலத்தான். 10,000இல் தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் 300 ரூபாய் கூடும். 20 வருடம் கழித்து 16,000. விலைவாசி 6% ஏறியிருந்தால் அன்றைய தேவை 32,000. தவிர, தொடக்கத் தொகையே கணிசமாகக் குறைவு, மனைவிக்கும் தொடராது. எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதைவிட, மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னேனே, மீதியில் ஒரு பகுதியை நிதானமான மியூச்சுவல் ஃபண்டில் பத்து வருடம் தொடாமல் வைத்து, 70, 75 வயதில் அடுத்த ஆன்யுட்டி வாங்குவது மேல். அப்போது வயதும் கூடியிருக்கும், விகிதமும் கூடியிருக்கும்.

வரி உண்டா?

உண்டு. வரும் தொகை முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேரும். அசல் திரும்பாத தெரிவில் நீங்கள் வாங்குவதில் ஒரு பகுதி நீங்களே போட்ட பணம்தான். ஆனாலும் நம் சட்டத்தில் அதைப் பிரித்துக் கழிப்பதில்லை. பழைய வரி முறையில் மூத்த குடிமக்களுக்கு வங்கி, தபால் டெபாசிட் வட்டிக்கு 50,000 ரூபாய் கழிவு உண்டு. ஆன்யுட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது, டெபாசிட்டோடு ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நடைமுறையில் மில், கடை, சிறு கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்ற யாருக்கும் இது பெரிய கவலை இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வழக்கமான வருமானத்துக்கு வரி வராது. அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்பெனி மூழ்கிப்போனா என் பணம் என்ன ஆகும்?

முப்பது வருடம் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பவரிடம் இதைக் கேட்கத்தான் வேண்டும். எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு 1956ஆம் ஆண்டு எல்.ஐ.சி. சட்டத்தின் 37ஆம் பிரிவில் மத்திய அரசின் உத்தரவாதம் இருக்கிறது. தனியார் நிறுவனங்களுக்கு அது இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் கடன்தீர்க்கும் திறன் விகிதத்தை (கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று காட்டும் அளவு) 1.5க்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும், ஆணையம் அதைக் கண்காணிக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வங்கி டெபாசிட்டை எடுத்தால், அங்கே காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான்.

தனியாரில் விகிதம் அதிகமாக இருந்தால் ஒரு பகுதியை அங்கேயும் மறு பகுதியை எல்.ஐ.சி.யிலும் பிரித்து வாங்கலாம். தொகை சிறியது என்றால் பிரித்துக்கொண்டு அலைய வேண்டாம்.

அவசரத்துக்குப் பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

முடியாது என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். ஜீவன் அக்ஷயில் அசல் திரும்பும் எஃப், ஜே தெரிவுகளில் மட்டும் மூன்று மாதத்துக்குப் பிறகு சரண்டர் செய்யலாம் (பாலிசியை முடித்துக்கொண்டு பணத்தைத் திரும்ப வாங்குவது), கடனும் வாங்கலாம். சரண்டரில் போட்ட தொகை முழுதாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சரள் பென்ஷனில் குறிப்பிட்ட கொடிய நோய் வந்தால் ஆறு மாதத்துக்குப் பிறகு சரண்டர் செய்யலாம், 95% திரும்பும். அசல் திரும்பாத தெரிவுகளில் கதவு மூடியதுதான். ஆஸ்பத்திரிப் பணம் தனியாக இருக்கட்டும் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

என்.பி.எஸ்.ல இருக்கேன். ஆன்யுட்டி கட்டாயமாமே?

என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் ஒரு பகுதிக்குக் கட்டாயம். முன்பு 60 வயதில் வெளியே வருபவர்கள், கணக்கில் 5 லட்சத்துக்கு மேல் இருந்தால், 40%க்கு ஆன்யுட்டி வாங்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் விதி மாறியது. அரசு ஊழியர் அல்லாதவர்களுக்கு இப்போது 20% போதும். அவர்கள் கணக்கில் மொத்தமே 8 லட்சம் வரைதான் இருக்கிறது என்றால் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். என்.பி.எஸ்.ஸில் உள்ள அரசு ஊழியர்களுக்கு 40% தொடர்கிறது. எடுக்கும் தொகையில் வரி விலக்கு 60% வரைக்கும் என்று எழுதப்பட்டிருப்பதால், அதற்கு மேல் எடுப்பவர்கள் வரியைக் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

கட்டாயம் 20% என்பதால் 20%தான் வாங்க வேண்டும் என்றில்லை. வேறு பென்ஷனே இல்லாத ஒருவர் மொத்தப் பணத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்து, மச்சினன் தொழிலுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கொடுத்துவிட்டு 68 வயதில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பது உங்கள் தெரிவு. பட்டியலில் முதலில் இருப்பதை அழுத்திவிடாமல் எல்லா விகிதங்களையும் பாருங்கள்.

ஏஜென்ட் “பென்ஷன் பிளான், கேரண்டி”ன்னு ஒண்ணு காட்டுறாரு. வருஷா வருஷம் கட்டணுமாம். இதுவும் ஆன்யுட்டிதானே?

பெரும்பாலும் இல்லை. ஓய்வு பெற்றவரிடம் 10 வருடம் பிரீமியம் கட்டச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உடனடி ஆன்யுட்டி ஒரே தடவை கட்டுவது. அதில் விற்பவருக்குக் கமிஷன் குறைவு, வருடா வருடம் கட்டும் பாலிசியில் அதிகம். அதனால்தான் உங்கள் கேள்வி ஒன்று, அவர் எடுத்து வைக்கும் காகிதம் வேறு ஒன்று.

மூன்று கேள்வி கேளுங்கள். ஒரே தடவைதானே கட்ட வேண்டும்? நான் இருக்கும்வரை வருமா, இத்தனை வருடத்துக்கு மட்டும்தானா? எனக்குப் பிறகு என் மனைவிக்கு எவ்வளவு? பதிலை வாய்ச்சொல்லாக வாங்காதீர்கள், விவரத்தாளில் பேனாவால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மகளுக்கு மூளை வளர்ச்சிக் குறைபாடு. எங்களுக்குப் பிறகு அவளுக்கு வர்ற மாதிரி செய்ய முடியுமா?

முடியும். இருவர் ஆயுள் என்றால் கணவன் மனைவி மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஜீவன் அக்ஷயில் பெற்றோர் பிள்ளை, தாத்தா பேரன், உடன்பிறந்தவர்கள் சேர்ந்தும் எடுக்கலாம். சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளியின் நலனுக்காக வாங்குவோருக்குத் தனி ஏற்பாடும் உண்டு, அதில் குறைந்தபட்சத் தொகையும் மற்றவர்களுக்கு உள்ள 1 லட்சத்தைவிடக் குறைவு. மகள் இளையவள் என்பதால் விகிதம் குறையும். பரவாயில்லை, அந்தப் பணம் அவளுக்காகத்தானே. பணம் வரும் வங்கிக் கணக்கை யார் நடத்துவார் என்பதற்குச் சட்டப்படியான காப்பாளர் நியமனத்தையும் நீங்கள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். இது இல்லாமல் ஆன்யுட்டி மட்டும் இருந்தால் பணம் கணக்கிலேயே தூங்கும்.

மாசாமாசம் வாங்கறதா, வருஷத்துக்கு ஒரு தடவையா?

வருடத்துக்கு ஒரு முறை என்றால் விகிதம் கொஞ்சம் அதிகம், ஆனால் முதல் பணத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு என்றால் மாதாமாதம்தான் சரி. மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், வீட்டு வரி கட்டுவதற்கு என்று சிலர் வருடத் தொகையாக வைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நல்ல யோசனை.

திடீர்னு பணம் நின்னுபோச்சு. என்ன செய்யறது?

பத்துக்கு எட்டு முறை காரணம், உயிர்வாழ் சான்று கொடுக்க மறந்திருப்பார்கள். பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். எல்.ஐ.சி.க்கு ஜீவன் சாக்ஷ்யா என்ற செயலியில் வீட்டிலிருந்தே முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம். கொடுத்ததும் நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வந்துவிடும். மற்றொரு காரணம், ஒரு வங்கி இன்னொரு வங்கியோடு இணைந்ததால் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண் (வங்கிக் கிளையின் குறியீடு).

இரண்டும் இல்லை, எழுதிக் கேட்டும் சரியான பதில் இல்லை என்றால் காப்பீட்டு ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகார் செய்யலாம். அதற்கும் மேலே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையில் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

முடிவு பண்ணிட்டேன். கையெழுத்துப் போடற அன்னைக்கு என்ன பார்க்கணும்?

முதலில் பிறந்த தேதி. நம் ஊரில் அம்மாக்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்றுதான் இருக்கும், பள்ளிச் சான்றிதழில் வேறு இருக்கும். தொகை வயதை வைத்துத்தான் முடிவாகிறது, பின்னால் வித்தியாசம் வந்தால் அம்மா தனியாக இருக்கும் காலத்தில் அலைய வேண்டியிருக்கும். அடுத்தது இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகவும் ஆதாரில் ஓர் எழுத்தாகவும் வங்கியில் பின்னாலும் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் இருக்கட்டும்.

பத்திரம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும். கவர் வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அன்றைக்கே பிரித்து, தெரிவின் பெயர், இரண்டாவது நபராக மனைவியின் பெயர், வாரிசு பெயர், இறப்புப் பயன் என்ற அந்தக் கட்டம், இந்த நான்கையும் பாருங்கள். ஆங்கிலம் புரியவில்லை என்றால் படிக்கத் தெரிந்த பிள்ளை யாரையாவது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கட்டத்தில் இருப்பதை அம்மா காதில் விழும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள்.